லிப்ட் நின்னா நான் எங்க போறது?

மெட்ராஸ்ல வாடகைக்கு வீடு தேடுறவங்களுக்கு தண்ணி வருமா, பார்க்கிங் இருக்கா, அசைவம் சமைக்கலாமான்னு கவலை. எனக்கு முதல் கேள்வியே வேற. தரைத்தளமா, மாடியா?

(புதுசா படிக்கிறவங்களுக்கு: ஆறு வருஷம் முன்னாடி பைக் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது. சக்கர நாற்காலி. அனுதாபம் வேணாம், விஷயத்துக்கு வருவோம்.)

தரைத்தளம்னா சுலபம். வாசல்ல ஒரு சாய்வுப் பலகை போட்டா போதும். ஆனா வெள்ளம் முதல்ல வர்றதும் அங்கதான். 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயலப்பவும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி நின்னதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சரி, மாடின்னா? கரண்ட் போனா லிப்ட் நின்னுடும். மிக்ஜாமப்ப பல ஏரியாவுல கரண்ட் வர நாள் கணக்காச்சு. ஜெனரேட்டர் இருக்கேன்னு சொல்லாதீங்க, அதையும் கீழதானே வைக்கிறாங்க!

மூழ்குறதுக்கு மாட்டிக்கிறது மேல்னு ரெண்டாவது மாடியை எடுத்தேன்.

மெழுகுவர்த்தி, பிஸ்கட், பவர் பேங்க் எல்லாம் எல்லாரும் சொல்றதுதான். என் பையில முதல்ல போறது கத்தீட்டர், ரெண்டு வாரத்துக்கு. கூடவே கை கழுவ தனியா நல்ல தண்ணி, சோப்பு. சுத்தம் கொஞ்சம் தப்பினா சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். அடுத்தது தசை இறுக்கத்துக்குப் போடுற பேக்லோஃபென் மாத்திரை. இதை திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம். அதனால கூடுதல் அட்டையும் மருந்துச் சீட்டு நகலும் பிளாஸ்டிக் கவர்ல.

அப்புறம் குஷன். நாற்காலியை விட்டுட்டு வந்தாலும் இதை விட மாட்டேன். படகுப் பலகையில சில மணி நேரம் உட்கார்ந்தாலே புண்ணு வந்துடும். வலிக்காது, அதான் சிக்கலே. ஆற மாசக்கணக்கா ஆகும். அதே காரணத்துக்காக கெட்டி ஷூவும் உண்டு. வெள்ளத் தண்ணிக்குள்ள கண்ணாடி கிழிச்சாலும் காலுக்குத் தெரியாதே.

பேட்டரி நாற்காலியை யாராலயும் படியில தூக்க முடியாது, தண்ணி பட்டா அதோட கதையும் முடிஞ்சது. ஐப்பசி பொறந்ததும் மடிக்கிற சாதா நாற்காலி கதவு பக்கத்துக்கு வந்துடும்.

எல்லாத்தையும் விட முக்கியம், சீக்கிரம் கிளம்புறது. முழங்கால் தண்ணியில நீங்க தடவித் தடவி நடந்துடுவீங்க. என் சக்கரத்துக்கு ரோட்டுக் குழி தெரியாது. அதனால எல்லாரும் "பாத்துக்கலாம்"னு சொல்றப்பவே நான் கிளம்பியாகணும். 2024 நவம்பர்ல ஃபெங்கல் புயல் வருதுன்னதும் திருச்சியில அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். கடைசியில அது புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து விழுப்புரத்தைப் போட்டுத் தாக்குச்சு, சென்னை ஓரளவு தப்பிச்சது. ஆபீஸ்ல ஒரே கிண்டல். பரவாயில்ல, அடுத்த புயலுக்கும் போவேன்.

சட்டம் இல்லாம இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 8-வது பிரிவுப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்துல இருக்கற மாற்றுத்திறனாளிகள் விவரத்தைப் பதிவு செஞ்சு வெச்சு, ஆபத்து வந்தா அவங்களுக்குத் தகவலும் சொல்லணும். நல்ல பிரிவு. என் விவரத்தையும் எழுதிக் கொடுத்திருக்கேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முதல்ல கதவைத் தட்டப் போறது எதிர் வீட்டு அண்ணன்தான்.

அதான் போன ஞாயித்துக்கிழமை ஒத்திகை பார்த்தோம். கை வெச்ச கெட்டி பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு, மார்போட சேர்த்துக் கட்ட ஒரு துண்டு. எனக்கு உடம்பு நிமிர்ந்து நிக்காது, கட்டலைன்னா முன்னாடி சரிஞ்சுடுவேன். அண்ணன் பின்னாடி, மேல் மாடி காலேஜ் பையன் முன்னாடி. நாற்காலியைப் பின்பக்கம் சாய்ச்சு ஒவ்வொரு படியா இறக்கினாங்க. ஒரு மாடி இறங்குறதுக்குள்ள அண்ணனுக்கு மூச்சு வாங்கிடுச்சு.

"தம்பி, கார்த்திகைக்குள்ள நீங்க அஞ்சு கிலோ குறைங்க. நான் வாக்கிங் போக ஆரம்பிக்கிறேன்"னார்.