கதவுக்குள் இறங்கும் மழை

ஐப்பசி பிறந்தது முதல் தை வரையில் நமுனுகுல மலையை மேகம் மூடிக்கொள்ள, வடகீழ்ப் பருவமழை ஓயாது பொழிகின்ற ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், பழைய மோட்டார் வண்டியொன்றை வைத்துக் காப்பாற்றுகிறவனுடைய முதற்கவலை எஞ்சினைப் பற்றியதன்று. கதவுக் கண்ணாடியின் அடியோரத்தில் ஓடுகின்ற, விரல் அகலங்கூட இல்லாத ரப்பர்ப் பட்டையைப் பற்றியதேயாகும். கராஜ்களில் அதனைப் 'பீடிங்' என்பார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது மொரிஸ் மைனர். தோட்டத்தில் பெரிய கிளாக்கராயிருந்த என் தாய்மாமா விட்டுச் சென்றது. அலெக் இஸிகோனிஸ் என்னும் நிபுணர் வகுத்த இவ்வாகனம் 1948இல் லண்டனில் அறிமுகமாகி, ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகளாக உலகெங்கும் பரவிற்று. 1970க்குப் பின் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகி, புதிய வண்டி என்பது கனவாகிவிட்ட காலத்தில், உள்ளதைச் செப்பனிட்டுப் பேணுகின்ற கைத்திறன் இந்நாட்டில் ஆழமாய் வேரூன்றிவிட்டது.

சென்ற புரட்டாசியில் மழைக்கு முன்னரே பீடிங்கை மாற்றிவிட எண்ணிப் பதுளையிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். கண்ணாடியை ஏற்றியிறக்கும் கைப்பிடியைக் கழற்றி, ரெக்சின் போர்த்திய உட்பலகையை, 'பாஸ்' என்று நாங்கள் அழைக்கும் மெக்கானிக் மெல்ல நெம்பி எடுத்தபொழுது, அதன் கீழ்விளிம்பு ஈரத்தில் ஊறி, நனைந்த அப்பளம்போல் உப்பியிருக்கக் கண்டேன். பழைய ரப்பரோ தொட்டவுடன் ஒடிந்தது. ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றுகின்ற அதே வறண்ட காற்றுத்தான், வெயிலோடு கூடி ரப்பரின் ஜீவனை உறிஞ்சிவிடுகின்றது.

புதிய பட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. பழைய சைக்கிள் கம்பியொன்றை எடுத்துக்கொண்டு கதவின் அடியில் குனிந்தார்.

"பீடிங் போட்டாலும் தண்ணி கொஞ்சம் உள்ளுக்கு எறங்கத்தாங்க செய்யும், ஐயா. போறதுக்கு வழி இருக்கான்னு மொதல்ல பாப்போம்."

கதவின் அடித்தகட்டிலே சிறு துவாரங்கள் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். கம்பி நுழைந்ததும் மக்கிய சருகும் செம்மண்ணும் உதிர்ந்தன; பின் கரிய நீர் ஒழுகிற்று. அத்தனை காலமும் அந்நீர் உள்ளே தேங்கி, தகட்டை அரித்துக்கொண்டிருந்திருக்கின்றது. பீடிங்கின் கடமை மழையின் பெரும்பங்கைக் கண்ணாடியோடு வழித்து வெளியே தள்ளுவது; தப்பி இறங்கும் சிறுபங்கை வெளியேற்றுவது அத்துவாரங்களின் கடமை. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

தகடு உலர்ந்து துருத்தடுப்புப் பூச்சும் காய்ந்த பின்னரே பட்டையைப் பூட்டினார். சவர்க்கார நீர் தடவி, உதடுபோன்ற விளிம்பு கண்ணாடியின்மேல் சாயும்படி வைத்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாய் அழுத்தினார். பட்டையை இழுக்கவேயில்லை. இழுத்துப் பூட்டிய ரப்பர் நாளடைவில் தன் இயல்பான நீளத்திற்குச் சுருங்கி, மூலையில் இடைவெளி விட்டுவிடும் என்றார்.

அந்த ரப்பருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1876இல் பிரேஸில் விதையிலிருந்து முளைத்த ரப்பர் நாற்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடவில் நடப்பட்டன. பின்னர் அம்மரங்கள் தோட்டங்களாய்ப் பெருகியபொழுது, விடியுமுன் எழுந்து பால்வெட்டியவர்களுள் நம் மலையகத்தாரும் இருந்தனர். மரத்தின் காயத்தையும் மனிதனின் உழைப்பையும் விலையாகக் கொண்டு பிறந்த பொருளை அவசரமாய் இழுத்துப் பூட்டுவது எனக்கு மரியாதைக் குறைவாகவே தோன்றுகின்றது.

துன்பம் அணுகாத வாழ்வை வேண்டி, நம் மனக்கதவின் விளிம்புகளையெல்லாம் இறுக்கி அடைக்கின்றோம். இறங்கிவிட்ட நீர் வெளியேற வழியிருக்கின்றதா என்று குனிந்து பார்ப்பதில்லை.

அந்த ஐப்பசி முழுவதும் மழை பெய்தது. ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் கதவின் அடியில் கைவைத்துப் பார்த்தேன். துவாரங்களின் வழியே தெளிந்த நீர் சொட்டிக்கொண்டிருந்தது. உட்பலகை உலர்ந்தே இருந்தது.