பேண்டு செட்டுக்கு ஒரு பள்ளிக்கூடம்

2024 அக்டோபர் தொடக்கத்தில் ஹைதராபாத் போலீஸ் மத ஊர்வலங்களில் டிஜே ஒலிபெருக்கிகளுக்கும் பட்டாசுக்கும் தடை போட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் பிள்ளையார் கரைப்பும் மீலாது நபி ஊர்வலமும் ஒரே வாரத்தில் வந்து போயிருந்தன. வீட்டுச் சுவர் அதிர்கிறது, நோயாளிகள் தவிக்கிறார்கள் என்ற புகார் எல்லாத் தரப்பிலிருந்தும் எழுந்தது. தடை வந்ததும் நல்ல மனசுக்காரர்கள் பலர் ஒரு கணக்குப் போட்டார்கள்: டிஜே போனால் பேண்டு செட்டுக்குப் பிழைப்பு திரும்பும், ஏ.சி. கார்ட்ஸ் தெருக்களின் மர்ஃபா தாளக் குழுக்களுக்கும் நல்ல காலம் பிறக்கும். பழைய நகரத்துப் பேண்டுக் கடைகளைப் போய்ப் பார்த்தால் இந்தக் கணக்கு நிற்பதில்லை. டிஜே பேண்டை அடித்து வீழ்த்தவில்லை. ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். இந்த ஊரில் பேண்டு வாசிப்பவருக்கு வேலை நாள் உண்டு, பயிற்சி நாள் கிடையாது. சேர்ந்து பழக நிலையான ஓர் இடம் இல்லாத வாத்தியக்குழு சத்தம் போடலாம், சங்கீதமாக வளர முடியாது. அந்த இடத்தைக் கல்யாணச் சந்தை ஒருநாளும் தராது, பல்கலைக்கழகம்தான் தரமுடியும் என்பது என் வாதம்.

கடை என்பது பெரும்பாலும் ஒற்றை அறை. முன்னால் பெயர்ப்பலகை, உள்ளே ஆணியில் தொங்கும் ஜரிகைச் சீருடைகள், பரண் மேல் டிரம்கள். டிரம்முக்குத் தோல் ஏற்றும் கதையை நான் எழுதப்போவதில்லை; இப்போது பாதிக்கு மேல் பிளாஸ்டிக் தோல், வாங்கி மாட்டுவதுதான். பார்க்க வேண்டியது ட்ரம்பெட்டை. மூன்று வால்வுகளை அழுத்தியும் விட்டும் அதன் குழாய் நீளத்தை ஏழு விதமாக மாற்றலாம். மீதி ஸ்வரமெல்லாம் உதட்டிலிருந்து வந்தாகவேண்டும். விரல் அதே நிலையில் இருக்க, உதட்டை இறுக்கினால் சுருதி மேலே தாவும், தளர்த்தினால் கீழே இறங்கும். உதட்டோரத் தசைகள் சில வாரம் ஊதாமல் இருந்தாலே பிடிப்பு விட்டுவிடும். கடையில் மாட்டியிருக்கும் ட்ரம்பெட்டின் விரிந்த முனையில் (நாதஸ்வரத்தில் அணசு என்போமே, அந்த இடம்) நசுங்கியதைத் தட்டி நிமிர்த்திய தடங்கள் வரிசையாகத் தெரியும். வால்வை அழுத்தினால் பிஸ்டன் பாதியில் சிக்கி மெதுவாக மேலே வரும். எச்சில் ஈரமும் தெருப்புழுதியும் உள்ளே சேர்ந்து, எண்ணெய் காணாத வால்வு அது. வேகமான ஒரு சினிமாப் பாட்டின் சங்கதியை அந்த வால்வில் வாசிக்க முடியாது, எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும். வாசிப்பவர் அந்த இடத்தை நீட்டி மழுப்பிக்கொண்டு போவார். கேட்பவர் அதைத்தான் பேண்டின் பாணி என்று நினைத்துக்கொள்வார்.

வாத்தியம் ஏன் இப்படிக் கிடக்கிறது? அது வாசிப்பவருடையது இல்லை. வாத்தியமும் சீருடையும் முதலாளியுடையவை. ஆட்கள் சீசனுக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வருபவர்கள். இந்தியக் கல்யாண பேண்டுகளைப் பற்றி 2005-இல் 'பிராஸ் பாஜா' என்ற நூலை எழுதிய கிரெகரி பூத் விரிவாகக் காட்டும் அமைப்பும் ஏறக்குறைய இதுதான். கிளாரினெட்டோ ட்ரம்பெட்டோ ஊதும் பேண்டு மாஸ்டர் மெட்டை எடுப்பார்; மற்றவர்கள் காதால் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். நொட்டேஷன் தாள் கிடையாது, ஒத்திகை கிடையாது. நேற்று சேர்ந்தவரும் இருபது வருஷக்காரரும் ஒரே வரிசையில் நடப்பார்கள். தோளைச் சுற்றி வளைந்த பெரிய சூசாபோன் பல ஊர்வலங்களில் வெறும் காட்சிப்பொருள். அதை ஊதத் தெரிந்தவர் இல்லை, சீருடை எடுப்பாக இருப்பதற்காகத் தூக்கிப் போகிறார்கள். வாடிக்கையாளர் பணம் கொடுப்பது எத்தனை ஆள், எத்தனை விளக்கு, என்ன நிறச் சட்டை என்பதற்குத்தான். இசைத் தரத்துக்கு என்று தனிக் காசு அந்தப் பேரத்தில் இல்லை.

இங்கே முதலாளியின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். கைவினை பற்றி எழுதுபவர்களுக்கு அது பழகிய பாதை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹைதராபாத்தின் நாள்காட்டியைப் பார்த்தாலே அவர் நிலைமை புரியும். நமக்கு ஆடி போலத் தெலுங்கர்களுக்கு ஆஷாடம், கல்யாணம் கிடையாது. முஸ்லிம் வீடுகளில் முஹர்ரத்திலும் ரமலானிலும் கல்யாணம் வைப்பது அரிது. இரண்டு சமூகங்களுக்கும் வாசிக்கும் ஊர் என்பதால் ஒரு பக்கம் காய்ந்தால் இன்னொரு பக்கம் நனையும் என்று தோன்றும். ஆனால் இஸ்லாமிய ஆண்டு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால் சில வருஷங்களில் இரண்டு வறட்சியும் ஒன்றாக விழும். 2024-இலும் 2025-இலும் ஆஷாடமும் முஹர்ரமும் ஒரே அமாவாசையை ஒட்டித்தான் பிறந்தன. அந்த மாதத்தில் கோல்கொண்டாவில் தொடங்கி செகந்தராபாத் உஜ்ஜயினி மஹாகாளி, லால் தர்வாசா என்று போனாலு அம்மன் திருவிழா ஊரையே ஆட்டும். ஆனால் அது முக்கியமாக டப்பு என்னும் பறை அடிப்பவர்களின் மாதம். கடை வாடகையையும் கொடுத்த அட்வான்ஸையும் சுமந்துகொண்டு முதலாளி அடுத்த முகூர்த்தத்துக்குக் காத்திருப்பார். ஆட்கள் ஊருக்குப் போய் வயலிலோ கட்டட வேலையிலோ இருப்பார்கள், உதடு தளர்ந்துகொண்டிருக்கும். சுரண்டல் இல்லை என்று சொல்லவில்லை. சுரண்டாத முதலாளி வந்தாலும் இந்த அமைப்பில் பயிற்சிக்குக் காசு பிறக்காது என்கிறேன். அதே ட்ரம்பெட்டைப் போலீஸ் பேண்டில் வாசிப்பவருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. கல்யாண பேண்டுக்காரர் அந்தச் சீருடையின் சாயலை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்.

பயிற்சிக்குப் பல்கலைக்கழகம் இடம் தரமுடியும் என்பதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மார்ச்சிங் பேண்டுகளை உதாரணம் காட்டினால், அது கால்பந்துப் பணத்தில் நடக்கும் கூத்து, நமக்கு ஒத்துவராது என்பார்கள். அவற்றின் பிறப்பு அப்படியில்லை. 1862-இல் வந்த மோரில் சட்டம் கல்லூரிகளுக்கு நிலம் கொடுத்தபோது விவசாயம், எந்திரக்கலையோடு ராணுவப் பயிற்சியும் சொல்லித்தரவேண்டும் என்றது. அணிவகுப்பு வந்தால் தாளம் வேண்டும். பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1886-இல் ஐந்தே பேர் கொண்ட டிரம் குழுவாகத்தான் பேண்டு தொடங்கியது. கால்பந்து மைதானமும் நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்களும் பிறகு வந்தவை. அவர்கள் அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது எளிமையானது: வாத்தியம் நிறுவனத்துடையது, அதைப் பராமரிக்கப் பொறுப்பாள் உண்டு, ஒவ்வொரு வாத்தியப் பிரிவுக்கும் மூத்த மாணவர் ஒருவர் தலைவர், புதியவர்களுக்கு முதலில் கற்றுத்தருவது நடை. குதிகாலை முதலில் ஊன்றி விரல் நுனிவரை பாதத்தை உருட்டி வைத்தால் இடுப்புக்கு மேல் உடம்பு குலுங்காது, ஊதுவாய் பல்லில் இடிக்காது. சாக்கடை மூடியும் வேகத்தடையும் நிறைந்த சந்தில் மாப்பிள்ளை காருக்கு முன்னால் நடக்கும் நம் ஆளுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. அந்த ராணுவ வேர் நமக்கும் உண்டு. 1806-இல் உருவான செகந்தராபாத் படைமுகாம் இன்னும் இருக்கிறது; 1948 முதல் தேசிய மாணவர் படை கல்லூரிகளில் இருக்கிறது. கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் பள்ளிகளுக்குத் தேசிய அளவில் பேண்டுப் போட்டியே நடத்துகின்றன. பள்ளியில் ட்ரம்பெட் பிடித்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் அதைக் கீழே வைத்துவிடவேண்டியதுதான். பல்கலைக்கழக இளைஞர் விழாக்களில் நாட்டுப்புற வாத்தியக்குழுவுக்கும் மேற்கத்தியக் குழுப்பாடலுக்கும் போட்டி உண்டு, பேண்டுக்கு இல்லை.

ஏன் இல்லை என்றால், பேண்டு யாருடைய பிள்ளை என்று யாருக்கும் தெரியவில்லை. நாட்டுப்புறக் கலைத் துறை இதை வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான் என்று ஒதுக்கும். மேற்கத்திய இசைக்காரர்கள் சுருதி சேராத கல்யாணச் சத்தம் என்று ஒதுக்குவார்கள். முதல் ஆட்சேபம் தமிழர்களிடம் எடுபடக் கூடாது. சென்னைக் கோட்டையின் பிரிட்டிஷ் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் செய்து நொட்டு ஸ்வரங்களாக விட்டுப்போனார். பிரிட்டிஷ் ராஜ வாழ்த்து மெட்டே அவர் கையில் 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. கிளாரினெட்டைத் தஞ்சை மகாதேவ நட்டுவனார் சதிர்க் கச்சேரிக்குள் கொண்டுவந்தார், ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக்கச்சேரி வாத்தியமாகவே நிலைநாட்டினார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் கேட்டுத்தான் கத்ரி கோபால்நாத்துக்கு அதன்மேல் ஆசை பிறந்தது. அரண்மனை அந்த பேண்டுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது என்பதை இங்கே கவனிக்கவேண்டும். ஹைதராபாத்திலேயே மர்ஃபா இருக்கிறது. நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படையில் இருந்த சித்திகளின் வழிவந்தவர்கள் ஏ.சி. கார்ட்ஸ் பகுதியில் வாழ்கிறார்கள். கிண்ண வடிவ முரசு, டஃப், டோல் என்று குச்சியால் அடித்து எழுப்பும் அந்தத் தாளம் அரபு, ஆப்பிரிக்கக் கலவை. 1948-இல் நிஜாம் ஆட்சி முடிந்து படை கலைந்தது, தாளம் கலையவில்லை. வாசிப்பவர்கள் ஒரே பேட்டையில் குடியிருந்ததும், சிறுவர்கள் வாசலிலேயே கற்றுக்கொண்டதும்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதன் தீன்மார் நடை இன்று எல்லா மதத்தாரின் ஊர்வலத்திலும் ஆடப்படுகிறது. தடைசெய்யப்பட்ட டிஜே பெட்டிகளிலும் அது ஒலித்தது. சீசனுக்குச் சீசன் ஆள் மாறும் பித்தளை பேண்டுக்கு அப்படி ஒரு பேட்டை வாய்க்கவில்லை.

கேரளத்துச் செண்டையை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். நம் ஊர்க் கல்யாணங்களிலும் கட்சி ஊர்வலங்களிலும் இப்போது செண்டை மேளம்தான் கேட்கிறது. டிஜே இருக்கும் அதே சந்தையில்தான் அது ஜெயித்திருக்கிறது. அதற்குப் பின்னால் பூரம் நடத்தும் கோயில்கள் இருக்கின்றன. 1930-இல் கவிஞர் வள்ளத்தோள் தொடங்கி, இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் கலாமண்டலம் இருக்கிறது. பறையைச் சொல்லி இதை மறுக்கலாம்: பறைக்கு மானம் திரும்பியது எந்தப் பாடத்திட்டத்தாலும் இல்லை, சாதி எதிர்ப்பு இயக்கத்தால். உண்மை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பறையைத் தன்னுடையது என்று தூக்கிப் பிடிக்க ஒரு சமூகமும் ஒரு கோபமும் இருந்தன. பேண்டுக்காரர்கள் பல சாதி, பல மதம், பல மாவட்டம். சேர்ந்து கோபப்படக்கூட அவர்களுக்குப் பொது மேடை இல்லை. இயக்கம் பிறக்காத இடத்தில் நிறுவனத்தைத்தான் நம்பவேண்டியிருக்கிறது.

நிறுவனத்துக்குள் போனால் எல்லாம் சுபம் என்றும் இல்லை. ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற 'மார்ச்சிங் 100' குழுவில் 2011-இல் ஒரு மாணவர் பேருந்துக்குள் நடந்த ராகிங்கில் அடிபட்டு இறந்தார். பேண்டு 2013 வரை நிறுத்திவைக்கப்பட்டது. மூத்தவர் இளையவர் வரிசை முறையைக் கொண்டுவருகிறவர்கள் இந்தச் சம்பவத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். இதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து, பேண்டு வளாகத்துக்குள் வந்து பேண்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிடுவது. பட்டம் பெற்ற ஒருவர் ஆசிரியராக அமர்வார், வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த மாஸ்டருக்கு ஆண்டுவிழாவில் ஒரு பொன்னாடை கிடைக்கும். இதைத் தவிர்க்க விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் திட்டத்துக்குப் பட்டம் கட்டாயமில்லை, குறைந்தது 15 ஆண்டு அனுபவம் போதும். உள்ளூர்க் கலைஞர்களை வளாகத்தில் அமர்த்திக்கொள்ளவும் அந்தக் குழு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நொட்டேஷன் சொல்லித்தர, 1950-இல் ராணுவத் தளபதி கரியப்பா பச்மடியில் தொடங்கிவைத்த ராணுவ இசைப் பள்ளியில் படித்து ஓய்வுபெற்ற வாத்தியக்காரர்களைத் தேடலாம். உஸ்மானியா பல்கலைக்கழக வளாகம் படைமுகாம் இருக்கும் செகந்தராபாத்துக்குப் பக்கம்தான். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு கலைப் பள்ளியில் நாடகமும் நடனமும் முன்பே துறைகளாக இருக்கின்றன.

முகூர்த்த நாளில் மாஸ்டர் வகுப்புக்கு வருவாரா என்று கேட்பார்கள். வரமாட்டார், வரச்சொல்லவும் கூடாது. அன்றைக்கு மாணவர்கள் அவர் வரிசையில் சேர்ந்து நடக்கட்டும். அமெரிக்கக் குழுக்கள் பருவம் திறப்பதற்கு முன்பு முகாம் போட்டுப் புதியவர்களைப் பழக்குகின்றன. இங்கே ஆஷாடம் விழுவது ஜூன் பிற்பகுதிக்கும் ஆகஸ்டு நடுவுக்கும் இடையே, கல்லூரிகளில் புதிய ஆண்டு தொடங்கும் பருவத்தை ஒட்டி. அந்த வாரங்களில் கடையில் வாத்தியங்களும் சும்மா தொங்குகின்றன, ஆட்களும் கூலி வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்து, காலையில் நடையும் மாலையில் ஊதுவதுமாக முகாம் நடத்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆகும் செலவு ஒரு பட்டமளிப்பு விழாப் பந்தல் செலவைத் தாண்டாது.