இரண்டரை அங்குலம்

வால்பாறைக்கு அப்பால் ஒரு எஸ்டேட் பாதையில் என் டஸ்டரின் அடிப்பாகம் பாறையில் உரசியது. ஆல்-வீல் டிரைவ் வண்டி. கம்பெனி கொடுத்த 210 மில்லிமீட்டர் உயரமே நான் போகிற பாதைகளுக்குத் தாராளம். ஆனாலும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. கோவை திரும்பிய வாரமே சஸ்பென்ஷனுக்கு 40 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டேன். 215/65 டயர்களைக் கழற்றிவிட்டு 235/70 மாட்டினேன். டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். அது ஒரு 25. மொத்தம் 65 மில்லிமீட்டர், இரண்டரை அங்குலம். செலவு 70,000 ரூபாய்.

தயாரித்த கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தெரிந்தேதான் செய்தேன். இன்சூரன்ஸ்காரர்களிடம் மூச்சுவிடவில்லை.

ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86-ல் ஓடியது. ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசியது. ஏழாவது மாதம் அதே வளைவுகளில் 'டக் டக்' என்று இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். ஆக்சில் முனையிலிருக்கும் ரப்பர் பூட் மடிப்பிலேயே கிழிந்து, கிரீஸ் ரிம்மின் உட்புறமெல்லாம் கறுப்பாகத் தெறித்திருந்தது. இரண்டு விரலால் வழித்துத் தேய்த்தார், மணல் நறநறத்தது. "ஆக்சில் ஓரளவு நேரா நிக்கோணுங்க. நீங்க ஒசத்துனதுல சாஞ்சு நிக்குது, மடிப்பு தாங்கலீங்க" என்றார். இரண்டு பக்கமும் மாற்ற 18,000 ஆனது. கட்டிவிட்டு, அப்போதும் உயரத்தைக் குறைக்காமல்தான் வந்தேன்.

அம்மாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தயங்குகிறேன் என்பதுதான் நிஜம்.

அம்மாவுக்கு மூட்டு வலி. வண்டியை உயர்த்திய பிறகு ஏறச் சிரமப்பட்டார். என் மனைவி ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி டிக்கியில் வைத்தாள். அதில் ஒரு கால், மேலே பிடி, பின்னாலிருந்து யாராவது ஒரு கை. சில மாதம் அப்படி ஓடியது. பிறகு ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார். பேரூர்க் கோயிலா, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் கண்ணு." சித்தி வீடா, "நீங்க போய்ட்டு வாங்க." வயதாகிறது, வலி கூடிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன். தெருமுனையில் ஓர் ஆட்டோ நின்றிருந்தது. பக்கத்தில் அம்மா, கையில் பூக்கூடை. இடது கையால் கம்பியைப் பிடித்தார். ஒரே எட்டு. ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். டிரைவரிடம் ஏதோ சொன்னார், சிரித்தார். ஆட்டோ பேரூர்ப் பக்கம் திரும்பியது.

நான் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். ஸ்பேசர் எத்தனை, டயர் எத்தனை என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவன், தரையிலிருந்து அம்மாவின் சீட் எவ்வளவு உயரம் என்று ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. அந்த எஸ்டேட் பாதைக்கு நான் போவது வருஷத்துக்கு இரண்டு முறை.

அன்றிரவு அவரிடம் எதுவும் கேட்க முடியவில்லை. திங்கட்கிழமை ஸ்பேசரைக் கழற்றச் சொன்னேன். ஷெட்டில் கிடந்த பழைய டயர்களே திரும்ப ஏறின.

அடுத்த வெள்ளிக்கிழமை, "பேரூர் போலாமா?" என்றேன். அம்மா கொஞ்சம் தயங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து நின்றேன். அவர் ஏறவில்லை; குனிந்து கீழே இரண்டு பக்கமும் பார்த்தார்.

"முக்காலி எங்க கண்ணு?"