முதல் பெயர் கோழி

ராஜபாளையம் நாய் வளர்க்கிறவர்கள் கோர்ட்டுக்கு வந்தால் பெரும்பாலும் அது கடி வழக்காகத்தான் இருக்கும். தீவனத்துக்காக வழக்குப் போட வந்தவர் எனக்குத் தெரிந்து இந்த அண்ணாச்சி ஒருவர்தான். தலைமுறையாக நாய் வளர்க்கிற குடும்பம். கம்பங்கூழும் மோரும் வேகவைத்த ஆட்டுக்குடலும் போட்டு வளர்த்தவர், மகன் பேச்சைக் கேட்டு கடைத் தீவனத்துக்கு மாறியிருந்தார். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெட்டை விலா எலும்பு தெரிய இளைத்துவிட்டது.

"வக்கீலய்யா, தின்னுதுல பாதி அப்படியே வெளிய வந்துருது. பையில கோழிப் படம் போட்டிருக்கான். உள்ள கோழி இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். பாதி காலியான பையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் கொட்டை எழுத்தில் "முதல் பொருள் நிஜக் கோழி" என்று அச்சிட்டிருந்தது.

உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் மனு கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. அதற்கு வழியில்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் 'உணவு' என்பது மனிதர் உண்பது. விலங்குத் தீவனத்தை அந்த விளக்கமே விலக்கி வைத்திருக்கிறது. நாய், பூனை உணவுக்கு ஐ.எஸ். 11968 என்றொரு இந்தியத் தரம் உண்டு. ஆனால் அந்தப் பையில் முத்திரை இல்லை, வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மிஞ்சியது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தோம்.

நாய் இளைத்ததற்கு நஷ்டஈடு வேண்டும் என்பதில் அண்ணாச்சி உறுதியாக இருந்தார். கால்நடை மருத்துவர் சான்றிதழில் 'ஊட்டக்குறைவு' என்றுதான் இருந்தது. பால் கொடுக்கிற நாய். குடற்புழு இருந்தாலும் இளைக்கும். எனவே அதையும் கேட்போம், ஆனால் வழக்கை அச்சடித்த எழுத்தின் மேல் நிறுத்துவோம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

பிரித்த பையை ஆய்வுக்கு அனுப்பினால் எதிர்தரப்பு 'வீட்டில் என்ன கலந்தார்களோ' என்பார்கள். அதே பேட்ச் எண்ணுள்ள பிரிக்காத பை ஒன்றைக் கடையில் வாங்கி, ரசீதோடு ஆணையத்தில் ஒப்படைத்து, 38-ஆவது பிரிவின்கீழ் மனுப் போட்டோம். ஆய்வுக் கட்டணத்தையும் நாங்களே கட்டினோம். அறிக்கை வந்தது: புரதம், பையில் சொன்ன அளவுக்குச் சற்று மேலேயே இருந்தது. எதிர்தரப்பு வழக்கறிஞர் அதையே தன் முக்கியச் சான்றாவணமாக எடுத்துக்கொண்டார்.

அந்த அறிக்கை எதை அளந்தது என்பதை ஆணையத்துக்கு விளக்க வேண்டியிருந்தது. ஆய்வகம் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. அந்த நைட்ரஜன் கோழி இறைச்சியிலிருந்து வந்ததா, மக்காச்சோளக் குளூட்டனிலிருந்து வந்ததா, நாய்க்குச் சரியாகச் செரிக்காத இறகிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது. 2007-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சுட்டிக்காட்டினேன். சீனாவிலிருந்து வந்த கோதுமைக் குளூட்டனில் மெலமைன் கலந்திருந்தது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன் கொண்ட ரசாயனம் அது. சோதனையில் புரதமாகத் தேறியது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. எங்கள் பையில் மெலமைன் இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. புரதச் சதவீதத்தை வைத்துத் தரத்தை நிரூபிக்க முடியாது என்பதுதான் எங்கள் வாதம்.

நுகர்வோர் ஆணையத்தில் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தவருக்கு எழுத்தில் வினாக்கள் அனுப்பலாம். நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அனுப்பினோம்.

பொருள்களை எந்த வரிசையில் எழுதியிருக்கிறீர்கள்? 'எடை வரிசையில்.'

எடை எப்போது எடுத்தது? 'கலவையில் சேர்க்கும்போது.'

அப்போது கோழி எந்த நிலையில் இருக்கும்? 'பச்சை இறைச்சியாக.'

அதில் நீர் எவ்வளவு? 'சுமார் 70 சதவீதம்.'

தயாரான தீவனத்தில்? '10 சதவீதத்துக்கு மிகாமல்.'

பட்டியலில் உள்ள 'விலங்குப் புரதத் தூள்' எந்த விலங்கு? 'கிடைப்பதைப் பொறுத்து மாறும்.'

ஒவ்வொன்றின் விகிதத்தையும் கேட்டதற்கு மட்டும் 'வணிக ரகசியம்' என்று பதில் வந்தது. அது தேவைப்படவும் இல்லை. பட்டியலில் கோழிக்கு அடுத்து மக்காச்சோளம், மக்காச்சோளக் குளூட்டன், மக்காச்சோளத் தவிடு என மூன்று பெயர்கள். 100 கிலோ கலவையில் கோழி 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீர் போனால் 6 கிலோ. மக்காச்சோளப் பொருள்கள் தலா 15 கிலோ என்றாலும் மொத்தம் 45. காய்ந்த தானியம் என்பதால் நீர் போனாலும் 40-க்குச் சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதியதால்தான் கோழி தலைப்பில் நின்றது.

'மக்காச்சோளம் நாய்க்கு விஷமா?' என்று எதிர்தரப்பு கேட்டது. விஷமில்லை. வேகவைத்த மாவுச்சத்து நாய்க்குச் செரிக்கும். கேள்விக்குப் பதிலை அண்ணாச்சியே வராந்தாவில் எனக்குச் சொல்லிவிட்டார்: "சோளம் போடணும்னா எனக்குப் போடத் தெரியாதா? அதுக்கு எதுக்குக் கோழி விலை?" எழுத்துபூர்வ வாதுரையின் கடைசிப் பத்தியை அதைக் கொண்டுதான் முடித்தேன்.

தீவனத்தால்தான் நாய் இளைத்தது என்பது நிரூபணமாகவில்லை என்று அந்தக் கோரிக்கையை ஆணையம் நிராகரித்தது. படமும் 'முதல் பொருள்' வாசகமும் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துபவை, அது முறையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. பை விலை, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றோடு வாசகத்தைத் திருத்தவும் உத்தரவிட்டது. மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் உண்டு. நிறுவனம் செல்லவில்லை, பணத்தைக் கட்டிவிட்டது.

நாய்த் தீவனம் வாங்குகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பட்டியலில் ஒரே தானியம் எத்தனை பெயரில் வருகிறது என்று கூட்டிப் பாருங்கள். இறைச்சி என்றால் எந்த விலங்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பச்சை இறைச்சியின் எடையில் நீரைக் கழித்துக்கொள்ளுங்கள். காய்ந்த கோழி இறைச்சித் தூள் என்று இருந்தால் இந்தக் கழிவு இல்லை. ரசீதையும், பேட்ச் எண் உள்ள பையையும் பத்திரப்படுத்துங்கள். புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு ஆணையத்தில் கட்டணமும் இல்லை.