பத்ரன் எந்தத் தோட்டம்?

ஆனந்த் நீலகண்டனின் 'அசுரா' 2012-இல் ஆங்கிலத்தில் வந்த நாவல். ராமாயணத்தை ராவணனே சொல்கிறான் என்பதைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். நமக்கு அது ஒன்றும் புதுசு இல்லை. புலவர் குழந்தை 1946-லேயே 'இராவண காவியம்' எழுதிவிட்டார். 1948-இல் சென்னை அரசு அதைத் தடையும் செய்தது.

என்னைப் பிடித்துக்கொண்டது நாவலின் இன்னொரு குரல், பத்ரன். சாதாரண அசுரன். தேவர்களிடம் குடும்பத்தைப் பறிகொடுத்தவன். ராவணன் ஆட்சி வந்தும் ஏழையாகவே கிடக்கிறான். ராவணன் பேசும் பக்கங்கள் கொஞ்சம் வளவள. பத்ரன் வந்தால் கதை நிமிர்கிறது.

புக்கிட் பெலிம்பிங்கில் பால்மரம் சீவிய என் தாத்தா சொல்வார்: "வெள்ளக்காரத் தொர போயி நம்மாளு மேனேஜரா வந்தப்பவும் வாளிய நாந்தான்டா தூக்குனேன்." அவருக்குப் பத்ரன் கதையைத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, "இவன் எந்தத் தோட்டம்?" என்றார்.