கோயம்பேட்டுக்கு 6 மணி நேரம்... சிங்கப்பூருக்கு 4 மணி நேரம்!

திருச்சியிலிருந்து சென்னை கோயம்பேடு மார்க்கெட், சாலை வழியாகச் சுமார் 330 கிலோமீட்டர். சாயங்காலம் லாரி ஏற்றினால், போய்ச் சேர 6 மணி நேரமாவது ஆகும். அதே திருச்சியிலிருந்து சிங்கப்பூர், வான்வழியில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். விமானத்துக்கு ஆவதோ 4 மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே.

அந்தக் காலத்தில் இந்தப் பயணம் கப்பலில்தான். நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறினால், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இன்று திருச்சியில் கிளம்பும் விமானம் வங்கக் கடலைத் தாண்டி, சுமத்திரா தீவின் வட முனையை ஒட்டி, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூரில் இறங்குகிறது. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். இரவு 1 மணிக்குக் கிளம்பினால், இறங்கும்போது அங்கே காலை ஏழரை மணி.

விமானத்தின் மேல்தட்டில் கட்டட வேலைக்குப் போகும் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பிள்ளைகள். அடித்தட்டில் பெட்டி பெட்டியாகக் காய்கறி, வாழையிலை, பூ. சிங்கப்பூர் தனக்கு வேண்டிய உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் நம்ம ஊர்ச் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும், கேம்பல் சந்துப் பக்கம் மல்லிகைச் சரமும் கிடைக்கும்.

அப்படியானால் சிங்கப்பூர்தான் நமக்குப் பக்கத்துச் சந்தையா? அங்கேதான் கணக்கு மாறுகிறது.

பறக்கும் நேரம் 4 மணி என்றாலும், இலையை அறுத்ததிலிருந்து கடைக்குப் போகும்வரை ஒரு நாள் ஓடிவிடும். அறுப்பு, தரம் பிரித்தல், பெட்டி கட்டுதல், தாவர நலச் சான்றிதழ், சுங்கச் சோதனை, அதற்குப் பிறகு விமானத்துக்காகக் காத்திருப்பு. வெயிலில் கிடந்த இலை, விமானம் ஏறுவதற்கு முன்பே வாடத் தொடங்கிவிடும். ஒட்டியிருக்கும் மண்ணும் பூச்சியும் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடும்.

அடுத்தது வாடகை. விமானத்தில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். பொதுவாக 6,000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோவுக்குச் சமம். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரமுள்ள பெட்டி என்றால் 20 கிலோ கணக்கு. அதில் 12 கிலோ முருங்கைக்கீரைதான் இருக்கிறது என்றாலும், 20 கிலோவுக்குத்தான் வாடகை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பயணிகளின் மூட்டை அதிகமாகிவிட்டால், சரக்குப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு விமானம் கிளம்பிவிடும். தக்காளி ஒரு நாள் தாங்கும், மல்லிகை தாங்காது.

அதனால், ஏற்றுமதியாளரிடம் சரக்குக் கொடுக்கும் விவசாயிகள் விலையை மட்டும் பேசிவிட்டு வந்துவிடக் கூடாது. எத்தனை மணிக்குள் சரக்கு விமான நிலையம் சேர வேண்டும் என்று கேட்டு, அதற்கேற்ப அறுப்பு நேரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி ஏறாமல் நின்றுபோனால் நஷ்டம் யாருடையது என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.