அப்பா சொன்ன மறுபாதி

செபமாலையை நடத்துகிறவர் முதல் பாதியைச் சொல்வார். உட்கார்ந்திருக்கிறவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். மொத்தம் 53 மணிக்கு 53 அருள் நிறைந்த மரியே. சின்ன வயதில் அக்காவும் நானும் மணியை எண்ணுவதை விட்டுவிட்டு, அம்மாயி எந்த மணியில் கொட்டாவி விடும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். மறுபாதியில் சாகிற நேரத்துக்கும் சேர்த்து ஒரு வேண்டுதல் இருப்பது அப்போது காதில் ஏறவே இல்லை. தினமும் 53 தடவை சொல்கிற எதுதான் ஏறும்?

அம்மாயி செபம் சொன்னது அந்தக் காலத்துத் தமிழில். ஆயரை ‘மேற்றிராணியார்’ என்றுதான் சொல்லும். தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனியான பிறகும், அம்மாயிக்குக் கடைசிவரை நமக்கெல்லாம் சேலத்து மேற்றிராணியார்தான்.

அக்கா போனபோது பென்னாகரத்தில் விடாத மழை. நிலக்கடலை பிடுங்கி வீட்டுக்குள்ளேயே பரப்பியிருந்தோம். அதை அவசரமாக ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுத்தான் ஐஸ் பெட்டிக்கு இடம் பண்ணினார்கள். பெட்டியைச் சுற்றி நடந்தவர்கள் காலிலெல்லாம் கடலை மண். எதிர்வீட்டு அம்மா துரோபதை அம்மனுக்கு விரதம் இருக்கிறவர். வந்ததும் பெட்டியின் மேல் கையை வைத்து, ஒப்பாரியை எடுத்துவிட்டார். அக்கா கட்டிய புடவை, அக்கா வாங்கிய கறவை மாடு, பத்தாவது படிக்கிற மகன், எல்லாம் அதில் வந்தது. உபதேசியார் செபப் புத்தகத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆரம்பிக்கலாமே என்று யாரோ அவரிடம் முணுமுணுத்தார்கள்.

“அவங்க முடிக்கட்டும்” என்றார்.

இதற்காகவே அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. ஒப்பாரி வைத்தால் விசுவாசம் குறைவு என்று முகம் சுளிக்கிறவர்களை நம் கோயில்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வந்தவர்கள் சொன்னதுதான் தாங்கவில்லை. “எல்லாம் ஆண்டவர் சித்தம்.” “நல்லவங்களை அவர் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்.” நல்ல மனசோடுதான் சொன்னார்கள், தெரியும். மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அடக்கப் பூசையில் யோவான் 11ஆம் அதிகாரம் வாசித்தார்கள். லாசர் செத்து நான்கு நாள் கழித்து வருகிற இயேசுவிடம், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டானே என்று மார்த்தா கேட்கிறாள். பின்னால் வருகிற மரியாவும் அதையேதான் கேட்கிறாள். அவர்கள் இருவரிடமும் இயேசு சித்தம் கித்தம் என்று எதுவும் பேசவில்லை. அழுதார். இத்தனை வருசம் கேட்ட வாசகத்தில் அந்த இரண்டு பெண்களின் கோபம் அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. பிறகு ராத்திரிகளில் திருப்பாடல்களைப் புரட்டினேன். 88ஆவது பாடல் கடைசி வார்த்தைவரை இருட்டிலேயே நிற்கிறது. மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலானவற்றில் முடியும் முன்னே ஒரு நம்பிக்கை வந்துவிடும், இதில் வராது. அதையும் செபம் என்று சேர்த்து வைத்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

வயதானவர்கள் யாரோ அப்பாவிடம், ஒகேனக்கல் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வாருங்கள், மனசு லேசாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் பஸ் ஏறிப் போய் வந்தார். “தலைதான் ஈரமாச்சு” என்றார்.

அக்கா மகன் பரீட்சைக்குத் தேம்பாவணியைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இருக்கிறது: தாய் எலிசபெத்தை அடக்கம் பண்ணிவிட்டுக் கருணையன் காட்டில் புலம்புகிற பகுதி. கருணையன் என்பது திருமுழுக்கு யோவான்தான். அந்தத் தாயின் சாவைப் பற்றி நற்செய்திகளில் ஒரு வரி கிடையாது. சூசையப்பர் கதையை 36 படலம், 3615 பாட்டு என்று பாட வந்த வீரமாமுனிவர் இதற்கென்று நின்று இடம் ஒதுக்கியிருக்கிறார். எப்படிப் பிழைப்பது, சாப்பாட்டை எப்படித் தேடுவது, காட்டில் எந்தப் பக்கம் போவது, ஒன்றும் தெரியாதே என்று அந்தப் பிள்ளை அழுகிறான். மோட்சத்தைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் சாப்பாட்டையும் வழியையும் பேசவைத்தது பெரிய மனசு என்று எனக்குப் படுகிறது. இத்தாலியில் பிறந்தவர், நம் ஊர் இழவு வீடுகளில் உட்கார்ந்து கேட்டிருப்பாரோ என்னவோ.

பையன் அதே பாட்டை இரண்டு தடவை படித்தான். “சித்தி, இதுல பெரிய கேள்வி வருமா?” என்றான். வரும் என்றேன். மூன்றாம் தடவை படித்தான்.

சாயங்காலங்களில் அன்பியத்துக்காரர்கள் வந்தார்கள். பாயை விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, செபமாலை. எதிர்வீட்டு அம்மாவும் வந்து ஓரமாகச் சுவரில் சாய்ந்துகொள்வார். ஏழாம் நாளுக்குள் அவருக்கு மறுபாதி பாதிக்குமேல் வாயில் வந்துவிட்டது. தெரியாத இடத்தில் ‘தாயே, தாயே’ என்று போட்டு நிரப்பிக்கொண்டு, மற்றவர்களோடு சரியாக ஆமெனில் வந்து சேர்வார். அப்பாதான் வாயே திறக்கவில்லை. மணி கையில் இருக்கும், நகராது. முப்பதாம் நாள் பூசை முடிந்தது. அன்பியத்துக்காரர்கள் வருவது குறைந்து, வீட்டு ஆட்கள் மட்டும் சொல்ல ஆரம்பித்தோம். நடத்துவது என் முறையாயிற்று. ஒரு நாள் முதல் பாதியைச் சொன்னதும் தொண்டை அடைத்துக்கொண்டது. யாருமே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அப்பாவின் குரல் மறுபாதியை எடுத்தது. கரகரவென்று, பாதி வார்த்தை விழுங்கிப் போய், ஆனால் கடைசிவரை. அடுத்த மணிக்கு நான் முதல் பாதி சொல்லவேண்டியதாயிற்று, சொன்னேன்.

நம்பிக்கை திரும்பி வந்துவிட்டதா என்று அவரிடம் நான் கேட்டதில்லை. மறுபாதியைச் சொல்ல அது முழுசாக வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. ஏற்கெனவே யாரோ செய்து வைத்த வார்த்தை, முன்னால் ஒருவர் தொடங்கிவைத்த வாக்கியம். முடித்துக் கொடுத்தால் போதும். துக்கத்தில் சொந்தமாக ஒரு வாக்கியம் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பிரான்ஸில் குளூனி மடத்துத் தலைவர் ஓதிலோ ஆயிரம் வருசத்துக்கு முன் தொடங்கிவைத்த வழக்கம் என்கிறார்கள். எங்களுக்கு அது சுண்ணாம்பு அடிக்கிற நாள், புல் செதுக்குகிற நாள், சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்வரை மெழுகுவத்தி அணையாமல் கையை வைத்து மறைக்கிற நாள். முதல் வருசம் அக்கா கல்லறைக்கு எதிர்வீட்டு அம்மா ஒரு முறம் சாமந்தி கொண்டுவந்தார். இந்த வருசம் ஆயுத பூசை முடிந்த கையோடு வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, உங்க கல்லறைத் திருநாள் இந்த வருசம் தீபாவளிக்கு முன்னாடி வருதா, பின்னாடியா?”

“எதுக்குங்கம்மா?”

“முன்னாடின்னா பூ வெலை ஏறிப்போயிரும். இப்பவே தோட்டத்துல சொல்லி வெச்சிடறேன்.”